கோமுவின் பின்னல்

ஆடாதே என்றால் ஆடுகிறாள். தலையைக் கொடு என்றால் கையை நீட்டுகிறாள். நான் நாற்காலியில், கோமு கீழே பாயில், என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். இப்படி உட்கார்ந்தால்தான் எனக்குத் தோது. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. காறை எலும்புக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவை வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். நெஞ்சு துடிக்க மறந்துபோகும்போது அது ஞாபகப்படுத்துமாம். கையைத் தூக்கினால் உள்ளே போகிற வயர் நழுவிவிடும் என்றார் டாக்டர். ஏதோ புது விஷயம் சொல்வதுபோலச் சொன்னார். ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராகவே கிழவனானவன் நான். நழுவுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா. கோமு என் மகள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். மனசு ஏழு வயசில் நின்றுபோயிற்று என்று அந்தக் காலத்து டாக்டர் ஒருத்தர் சொன்னார். நின்றுபோன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அது வேறு பாதையில் போயிற்று, அவ்வளவுதான். "அப்பா, கார் வந்துடுச்சா?" "வரல." "எப்ப வரும்?" "வரும்போது வரும். ஆடாதே." கார் வருவதற்குள் இவள் பிடரியில் இருக்கும் சிக்கு போக வேண்டும். போகாவிட்டால், இவளைக் கொண்டுபோய் விடப்போகிற இல்லத்தில் மெஷின் வைத்து மொத்தமாக எடுத்துவிடுவார்கள். வார்டன் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சிக்கில்லாம சுத்தமா இருந்தா முடிய வச்சுக்கட்டும் சார். சிக்கு, பேன்னா எடுத்துருவோம். இங்க யாரு உக்காந்து வாரி விடுறது?" நியாயம்தான். யார் உட்கார்ந்து வாரிவிடுவது. நான் தலையாட்டினேன். இங்கே உட்கார்ந்து வாரிக்கொண்டிருக்கிறேன். சீப்பு போன இடத்திலேயே நிற்கிறது.

இது என் முடி. என் மனைவி பாக்கியத்தின் முடி நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கோமுவுக்குச் சுருளை நான் கொடுத்தேன். எனக்கு மொத்தமும் கொட்டிப்போய் இவளிடம் மட்டும் மிச்சம். "ஒங்க வம்சத்து முடி, நீங்களே வாருங்க" என்பாள் பாக்கியம். வாயால் சொன்னாளே தவிர, சீப்பை என் கையில் கொடுத்ததில்லை. வளரவும் விட்டதில்லை. காதுக்கு மேலே வந்தால் கத்திரியை எடுத்துவிடுவாள். ஆம்பிளைப் பையன் மாதிரி கிராப். வேலை மிச்சம் என்பாள். பாக்கியம் செத்துப்போன மறுமாசம், கத்திரியைக் கையில் எடுத்துக்கொண்டு கோமுவைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "வெட்டாத. எனக்குப் பின்னல் வேணும். மெஹரு அத்தை மாதிரி." மெஹருன்னிசா கீழ் வீட்டுக்காரி. முக்காடு நழுவினால் அவள் பின்னல் இடுப்பில் ஆடும். அதைப் பார்த்து இவளுக்கு ஆசை. எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. பாக்கியம் இருந்தவரை வாய் திறக்கவில்லை. அம்மா போனதும் கேட்கிறாள். கத்திரியைப் பெட்டியில் போட்டேன். சரி வளரட்டும் என்றேன். வளர்வதென்றால் சும்மாவா. நேர்முடி வளர்ந்தால் தெரியும். இது இழுத்தால் தோளுக்கு வரும், விட்டால் காதுக்கு ஓடிவிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சுருளை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். "வளந்துச்சா?" "வளந்துச்சு." "பொய்." பொய்தான். நடுவில் ஒரு காலம், கட்டவும் வராது, விடவும் முடியாது. காது இரண்டு பக்கமும் புதர். ஃபேன் போட்டால் எழுந்து நிற்கும். கிளிப் போட்டால் தெறிக்கும். ஃபேன்சி ஸ்டோரில் போய் நின்றேன். சின்னப் பெண்கள் கூட்டம். கடைக்காரப் பெண் கேட்டாள்: "பேத்திக்கா தாத்தா? என்ன வயசு?" "மகளுக்கு" என்றேன். வயசைச் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சி கிளிப் ஒரு அட்டையைக் கையில் திணித்தாள். கோமு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டாள். ரோட்டில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். ஜன்னல் கம்பியில் நைலான் கயிற்றின் மூன்று பிரியைக் கட்டிப் பின்னிப் பழகினேன். வலது மேலே, இடது மேலே. வேலை சுலபம். ஆனால் கயிறு தலையை ஆட்டாது. கயிறு "ஆ" என்று கத்தாது. முதல் பின்னல் எலி வாலைவிடச் சின்னது. அதையும் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு மெஹருன்னிசா வீட்டுக்கு இறங்கிப்போனாள். "அடடா, யாரு இந்தப் புதுப்பொண்ணு?" என்று அவள் கேட்டது மாடிக்குக் கேட்டது. நான் சீப்பைத் தட்டி முடியை எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் குளியலறையில் விழுந்தேன். கண் முழித்தால் ஆஸ்பத்திரி. டப்பா வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் கோமுவை மெஹருன்னிசாதான் வைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், குளிப்பாட்டினாள், தன் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொண்டாள். தலையை மட்டும் தொட விடவில்லையாம். "அப்பாதான் வாரணும்னு ஒரே அடம்ணே. சீப்ப எடுத்தா கடிக்க வருது." அப்பாதான் வாரணும். கட்டிலில் கிடந்தபோது இதை நான் நினைக்கவில்லை. செத்தால் இவளை யார் பார்ப்பார் என்று நினைத்தேன். சோறு யார் போடுவார் என்று நினைத்தேன். தலைமுடி ஞாபகமே வரவில்லை. திரும்பி வந்தபோது பிடரியில் கொஞ்சம் சிக்கு. கொஞ்சம்தான். அன்றைக்கே சீப்பு எடுத்திருந்தால் போயிருக்கும். நாத்தம் தாங்கவில்லை என்று முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். சீயக்காய் போட்டு நன்றாகத் தேய்த்தேன், ஒற்றைக் கையால், பாத்திரம் தேய்ப்பதுபோல. துண்டால் கசக்கித் துவட்டினேன். காய்ந்ததும் பார்த்தால் கம்பளி. முடி என்று பிரித்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மெஹருன்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சிக்கெடுக்காம யாராச்சும் தலைக்கு ஊத்துவாங்களாண்ணே? பொம்பளப் புள்ள இருக்குற வீட்டுல இது தெரியாதா?" தெரியாது. பாக்கியம் எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு பிறகுதான் குளிக்கப் போவாள். தினம் பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே வீட்டில் அத்தனை வருஷம். எதைத்தான் கேட்டேன்.

தேங்காய் எண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன். துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவோம். வந்து தட்டினால் அசையும். அசையாததை முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, முனையை அரத்தால் ராவி மழுக்கி வைத்திருக்கிறேன். அதை நுழைத்து ஒவ்வொரு முடியாக இழுக்கிறேன். ஒன்று வருகிறது. ரெண்டு வருகிறது. மூன்றாவது இன்னும் இறுக்கிக்கொள்கிறது. "ஆ." "பொறு." "வலிக்குது." "பொறுன்னா பொறு." கோமு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் என்னைப் பார்க்கிறாள். "நீ ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்க?" "எப்புடி?" உதட்டைக் கீழே இழுத்துப் புருவத்தைச் சுருக்கிக் காட்டுகிறாள். அச்சாக நான். "அப்புடி ஒண்ணும் இல்ல." "கன்னுக்குட்டி என்னப் பாத்தா பயப்படுமா?" "ஏன் பயப்படணும்?" "முடி." "பயப்படாது." போன தடவை இல்லத்தைப் பார்க்கப் போனபோது அங்கே ஒரு பசு கன்று போட்டிருந்தது. கோமு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நேற்று இவளிடம், கன்னுக்குட்டி பார்க்கப் போகிறோம் என்றேன். போகிறோம் என்றேன். நீ அங்கே இருந்துவிடு, நான் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பின்னல் போட்டுட்டுத்தான் போகணும். கன்னுக்குட்டி பாக்கணும்ல" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லலாம். இந்தச் சிக்கு போகட்டும், சொல்கிறேன். இன்னொரு முடி. சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். என்னால் குனிந்து இழுக்க முடியாது. கையைத் தூக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது. ஒன்றும் கூடாது. அன்றைக்கு இவள் கன்றோடு இருந்தபோது நான் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பெண்கள். எல்லாத் தலையும் ஒட்ட வெட்டியிருந்தது. சுத்தம். ஒரு ஈ இல்லை. யார் கிழவி, யார் சின்னவள் என்று முதுகிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய், பிடரியிலிருந்து எதையோ எடுத்து, தோள் வழியாக முன்னால் போட்டாள். ஒன்றும் இல்லை அங்கே. வெறும் கை. திரும்பவும் போட்டாள். சோற்றைப் பிசைந்தாள். திரும்பவும். நான் வெளியே வந்துவிட்டேன். நாளைக்கு நான் பார்க்கப் போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிசையில் எந்த முதுகு என் மகள்?

கம்பி நழுவித் தோலில் குத்திவிட்டது. "அம்மா!" என்றாள். அப்பா என்று கத்தவில்லை. வலித்தால் இன்னும் அம்மாதான். சௌந்தரம் நேற்று வந்தாள், என் தங்கை. அவள் மகன் கணேசமூர்த்திதான் கார் கொண்டு வருகிறான். கோமுவின் பிடரியைத் தடவிப் பார்த்தாள், கையை வெடுக்கென்று எடுத்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணே, இது சிக்கு இல்ல. சடை. ஆத்தா எறங்கியிருக்கா." "ஆத்தாளுக்கு வேற தலை கெடைக்கலையா?" "வாய மூடுண்ணே. சமயபுரத்துல போயி உத்தரவு கேக்காம கத்திரிய வச்சுராத. குடும்பமே வெளங்காது." "இப்ப வெளங்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததிலிருந்து போக மாட்டேன் என்கிறது. சடை என்றே சொல்லிவிட்டால்? வார்டன் அம்மா நெற்றியில் குங்குமம் பெரிதாக வைத்திருக்கிறாள். சாமி சடை அம்மா, கை வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. மெஷினை எடுப்பாளா? எடுக்க மாட்டாள். பயப்படுவாள். சௌந்தரமே பயந்தாள், அவள் கை பட்டு வளர்ந்த பிள்ளையைத் தொட. ஒர்க் ஷாப்பில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குகிறதோடு என் பக்தி முடிந்தது. இந்த வயசில் நான் போய்ச் சாமி வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். என்ன போயிற்று. ஆனால் நாளைக்கு அங்கே எவளாவது இவள் காலில் விழுவாள். என் பையனுக்கு வேலை கிடைக்குமா தாயே என்பாள். கோமு பதில் வேறு சொல்வாள். அதற்கப்புறம் யாரும் இவளோடு விளையாட மாட்டார்கள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து கும்பிடுவார்கள். ராத்திரி பயந்து அழுதால் பக்கத்தில் வருவார்களா? சிக்கு பெருகும். தலையைத் திருப்ப முடியாமல் பெருகும். இதெல்லாம் தெரிகிறது. தெரிந்தும் எழுந்து அடுக்களைக்குப் போனேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தேன். கொண்டுவந்து பிடரியில் அப்பினேன். சட்டையெல்லாம் மஞ்சள். கோமு கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். "இது என்னா?" "சாமி." "எங்க?" "ஒன் தலையில." "சாமி வேணாம்" என்றாள். "பின்னல்தான் வேணும். கழுவு." "கோமு, சொன்னாக் கேளு." "கழுவு. கொழம்பு வாசன அடிக்குது." கழுவினேன். ஈரத் துணியால் துடைத்தேன். தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தேன். இப்போது மட்டும் ஒற்றத் தெரிகிறது.

போன் அடிக்கிறது. கணேசமூர்த்தி. "மாமா, கெளம்பிட்டேன். பாலத்துக்கிட்ட கொஞ்சம் டிராஃபிக். ரெடியா இருங்க." ரெடி. குடைக் கம்பியை எடுத்தேன். வைத்தேன். இது போகாது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் போகாது. எப்போதோ தெரிந்துவிட்டது எனக்கு, ஒத்துக்கொள்ளத்தான் நேரமாகிறது. போகாது என்றால் போகாது. அவர்கள் மெஷின் வைத்தால் முழுசாகப் போகும். நான் வைத்தால் உள்ளங்கை அளவு போகும். மேல்முடியை இறக்கிவிட்டால் மறைத்துக்கொள்ளும். கத்திரி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. எடுத்து வந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "கண்ண மூடு." "ஏன்?" "எண்ணெ வழியும்." மூடினாள். சொன்னால் நம்பிவிடுகிறாள். எல்லாவற்றையும் நம்பிவிடுகிறாள். இறுக்கி மூடியதில் மூக்கு சுருங்கியிருக்கிறது. சிக்கைத் தூக்கினேன். அடியில் தோல் வெள்ளையாக இருந்தது, வெயில் படாத இடம், குழந்தைத் தோல். அதில் என் கம்பி குத்திய காயம், சிவப்பாக ஒரு புள்ளி. இடது கை கனக்கிறது. டப்பா இருக்கும் இடத்தில் சுருக்கென்றது. இப்போது நின்றுபோனால் கத்திரியோடு இவள்மேல்தான் விழுவேன். விழக் கூடாது. கார் வரும் வரைக்கும் கூடாது. வந்த பிறகும் கூடாது. எப்போது விழலாம்? சரக். எண்ணெயில் ஊறிய முடி சத்தமில்லாமல் வெட்டும் என்று நினைத்தேன். மாட்டுத்தோலை வெட்டுகிற மாதிரி கேட்டது. கோமு ஆடவில்லை. இத்தனை நேரம் ஆடியவள் கல்லாகிவிட்டாள். சரக். சரக். கையோடு வந்துவிட்டது. "வெட்டினியா?" என்றாள், கண்ணைத் திறக்காமல். "சிக்க மட்டும்." "காட்டு." காட்டமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். மூக்குக்கிட்ட கொண்டுபோனாள். கத்துவாள், கட்டிலுக்கு அடியில் போவாள், கணேசமூர்த்தி வந்து இழுப்பான். அவள் அதைத் திருப்பிப் போட்டாள். ஒரு நுனி வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. "எலி" என்றாள். "செத்த எலி. அப்பா, என் தலையில எலி இருந்துருக்கு." சிரிக்கிறாள். உடம்பு குலுங்கச் சிரிக்கிறாள். "மெஹரு அத்தைகிட்ட காட்டணும்." "அப்புறம் காட்டலாம்." "அத்தை பயந்துரும்." "பயந்துரும், ஆமா. திரும்பு."

சீப்பு இப்போது இறங்குகிறது. நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போகிறேன், கொஞ்சம் தண்ணீர் தொட்டு. எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு அப்புறம் இவள் முடி முழுசாக என் கைக்குள் வருவது இதுதான். இழுத்தால் முதுகில் பாதி வரைக்கும் வருகிறது. வளர்ந்திருக்கிறது. நான் பார்க்காதபோது வளர்ந்திருக்கிறது. மூன்றாகப் பிரித்தேன். வலது மேலே, இடது மேலே. வெட்டிய இடம் அடியில் மறைந்துகொண்டது. வார்டன் அம்மா தூக்கிப் பார்த்தால் தெரியும். தூக்கிப் பார்க்க மாட்டாள். சிக்கு இல்லையே, அதுதானே கேட்டாள். இன்றைக்கு இல்லை. நாளை மறுநாள் பின்னல் தளரும். சுருள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பிக்கும். படுத்துப் புரண்டால் பிடரியில் ஒரு முடிச்சு விழும். இவள் யாரையும் தொட விடமாட்டாள். கடிப்பாள். அதற்கப்புறம் மெஷின். ஒரு வாரமோ, கூடக் கொஞ்ச நாளோ. அவ்வளவுக்குத்தான் நான் காலையிலிருந்து இந்தப் பாடுபட்டேன். வாரா வாரம் பஸ் பிடித்துப் போய் வாரிவிட்டு வரலாம். விடுவார்களா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, கையைத் தூக்கக் கூடாது. உட்கார இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால்? அந்த நினைப்பை அங்கேயே விட்டேன். இறுக்கினேன். ஒவ்வொரு பிரியையும் இழுத்து இறுக்கினேன். இறுக்கினால் அதிக நாள் நிற்கும். வலது, இழு. இடது, இழு. ஒரு பிரி இடம் மாறினால் அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். கீழே ரோட்டில் கார் கதவு சாத்துகிற சத்தம். நுனியில் ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு ரிப்பன் கட்டினேன். கோமு பின்னலை எடுத்துத் தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டாள். தடவினாள். கண்ணாடியில் பார்த்தாள். இப்போது சொல்ல வேண்டும். இனி நேரம் இல்லை. "கோமு" என்றேன். அவள் இரண்டு விரலால் நெற்றி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். இழுத்துப் பின்னியதில் கண் இரண்டும் மேலே ஏறியிருந்தன. "ரொம்ப இறுக்கிட்டப்பா" என்றாள். "இப்ப இருக்கட்டும், அழகா இருக்கு. சாயங்காலம் அவுத்து விட்டுரு."

"சரி" என்றேன்.